பாவித்த எம்5-ஐ எடுத்து மட்டக்களப்புப் பக்கம் ஓட்டலாமா? வரும் பழுதுகளும் முடியும் காசும்

கல்முனையில் இருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இது. கொழும்பில் 2007ஆம் ஆண்டு பிஎம்டபிள்யூ எம்5 ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. மீற்றரில் 118,000 கிலோமீற்றர். பாவித்த டொயோட்டா அக்வா ஒன்றின் விலைக்கு மேல் கொஞ்சம் போட்டால் எடுத்துவிடலாம். "500 குதிரைவலுக் கார் ஏன் இந்த விலைக்கு வருகிறது? எடுத்தால் என்னென்ன பழுது வரும், எவ்வளவு முடியும்? நம்ம பக்கத்தில் வைத்து ஓட்டலாமா?"

தம்பி, அந்தக் கார் அந்த விலைக்கு வருவதற்கு ஒரே காரணம்தான். அந்த வயதில் அந்த எஞ்சினுக்கும் கியர்பொக்ஸுக்கும் செய்தே ஆகவேண்டிய மூன்று பெரிய வேலைகள் இருக்கின்றன. பிக் எண்ட் பெயரிங், திரொட்டில் அக்சுவேட்டர், எஸ்எம்ஜி கியர் அமைப்பு. மூன்றும் செய்த எம்5 ஒரு சாமான், செய்யாத எம்5 வேறு சாமான். விளம்பரப் படத்தில் இரண்டும் ஒரே மாதிரிப் பளபளக்கும். விற்பவர் கேட்கும் விலையோடு, செய்யாத வேலைகளின் செலவைக் கூட்டுங்கள். வருகிற தொகைதான் உண்மையான விலை. இனி நான் சொல்லப்போவதெல்லாம் அந்தக் கூட்டலை எப்படிப் போடுவது என்பதுதான்.

என்னைப் பற்றி ஒரு வரி. வளைகுடாவில் ஜேர்மன் கார்கள் மட்டும் பார்க்கும் வேலைத்தளம் ஒன்றில் இருந்துவிட்டு இப்போது கல்லடியில் சின்னதாகக் கராஜ் வைத்திருக்கிறேன். இந்த எஞ்சினை அங்கே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். இங்கே என்னிடம் வருவதெல்லாம் அக்வா, வேகன் ஆர், டொல்பின் வேன், லேண்ட் மாஸ்டர்.

முதலில் அது உண்மையான எம்5 தானா என்று பாருங்கள். சிரிக்கவேண்டாம். 520டி-க்கு எம்5 பம்பர் போட்டு, பின்னால் நாலு சைலன்சர் வாய் வைத்து, எம்5 எழுத்தும் ஒட்டி ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர். சி.ஆர். புத்தகத்தில், அதாவது வாகனப் பதிவுச் சான்றில், எஞ்சின் கொள்ளளவு 4,999 சிசி என்று இருக்கவேண்டும். செசி நம்பர் டபிள்யூ, பி, எஸ் என்ற மூன்று எழுத்தில் தொடங்கவேண்டும். சாதாரண பிஎம்டபிள்யூ என்றால் மூன்றாவது எழுத்து ஏ ஆக இருக்கும். பொனட்டைத் திறந்தால் பத்து சிலிண்டர், பத்துக்கும் தனித்தனித் திரொட்டில், அதாவது உள்ளே போகும் காற்றை அளந்துவிடும் கதவு. டக்கோமீற்றரில் சிவப்புக் கோடு 8,250 சுற்றில் தொடங்கும்.

இது ஈ60 என்று சொல்லும் உடலில் 2005 முதல் 2010 வரை வந்த கார். உள்ளே இருப்பது எஸ்85 என்ற வி10 எஞ்சின். ஃபோர்முலா 1 காரெல்லாம் வி10 போட்டு ஓடிய காலத்தில் பிறந்த எஞ்சின் அது. 507 பிஎஸ், அதாவது 500 குதிரைவலு, அதுவும் 7,750 சுற்றில்தான் முழுதாக வரும். 2005, 2006 இரண்டு வருடமும் உலகின் சிறந்த எஞ்சின் என்ற விருதை வாங்கியது. டர்போ இல்லை. அந்தச் சத்தத்தை ஒருதடவை கேட்டவன் மறக்கமாட்டான், அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ரேஸ் எஞ்சின் மாதிரிச் செய்த ஒன்றை ரேஸ் எஞ்சின் மாதிரியே பார்க்கவும் வேண்டும். அதைப் பலர் செய்யவில்லை.

பிக் எண்ட் பெயரிங்கில் இருந்து தொடங்குகிறேன். கார் நிற்பதும் போவதும் இதில்தான் இருக்கிறது.

பிஸ்டனையும் கிராங்க் என்ற சுழல் தண்டையும் இணைக்கிற கனெக்டிங் ரொட்டின் அடி முனையில் இரண்டு அரைவட்டத் தகடுகள் இருக்கும். அதுதான் பிக் எண்ட் பெயரிங். குண்டு ஒன்றும் கிடையாது. தகட்டுக்கும் கிராங்குக்கும் நடுவில் ஒயில் மெல்லிய படலமாக நிற்கும், அந்தப் படலத்தின் மேல்தான் எல்லாம் சுழலும். எஸ்85-இல் அந்த இடைவெளி மிகக் குறைவு. போடச்சொன்ன ஒயிலோ 10டபிள்யூ-60, தடித்த ஒயில். எஞ்சின் சூடேறும் முன் அது தேன் மாதிரி நிற்கும், அந்தச் சின்ன இடைவெளிக்குள் சரியாகப் புகாது. அந்த நேரத்தில் ஒருவர் அக்சிலரேட்டரை மிதித்தால் உலோகத்தோடு உலோகம் உரசும். பெயரிங் தேய்வதற்கு இடைவெளியும் ஒயிலும்தான் காரணம் என்பது இந்த எஞ்சினைப் பிரித்துப் பார்க்கிறவர்களில் பெரும்பாலானோரின் கருத்து. இதன் தம்பியான எம்3-இன் வி8 எஞ்சினிலும் இதே கதைதான்.

இதில் பயங்கரம், அது சத்தம் போடாது என்பதுதான். பழைய லொறியில் பிக் எண்ட் போனால் 'டக் டக்' என்று தட்டும், இறக்கிப் பெயரிங் மாற்றிவிட்டுத் திரும்ப ஓட்டுவோம். இதில் தட்டும் சத்தம் கேட்கும்போது கிராங்கும் போயிருக்கும், சில நேரம் ரொட் உடைந்து பிளொக்கைத் துளைத்தும் இருக்கும். அதனால் இது பழுது வந்தபிறகு திருத்துகிற வேலை இல்லை, வருமுன் மாற்றுகிற வேலை. ஒரு இலட்சம் கிலோமீற்றரை ஒட்டி மாற்றிவிடவேண்டும் என்பதுதான் பொதுவான நடைமுறை. உங்கள் கார் 118,000-இல் நிற்கிறது. ஆகவே கேள்வி ஒன்றுதான்: மாற்றியாயிற்றா, பில் எங்கே? "எஞ்சின் சும்மா கல்லு மாதிரி இருக்கு தம்பி" என்ற பதில் பில் ஆகாது.

வேலை எப்படி நடக்கும் என்றால், எஞ்சினை வெளியே எடுக்கத் தேவையில்லை. மேலே இருந்து ஒரு பாரில் எஞ்சினைத் தொங்கவிட்டு, முன் சப்ஃப்ரேமை இறக்கி, அடியில் ஒயில் நிற்கும் தட்டான 'ஒயில் பான்'-ஐக் கழற்றினால் பத்து ரொட்டும் கைக்கு எட்டும். போல்ட்டுகள் ஒருதடவைதான் பாவிக்கலாம், புதிதுதான் போடவேண்டும், குறித்த கோண அளவுக்குத் திருகவேண்டும். டோர்க் ரென்ச் இல்லாமல் 'கையிலேயே தெரியும்' என்கிற பாஸ்மாரிடம் இதைக் கொடுத்துவிடாதீர்கள். பெயரிங், போல்ட், கேஸ்கட், ஒயில் என்று சாமானுக்கே சுமார் ஆயிரம் டொலர் வரும். டொலரை 300 ரூபாய் என்று வைத்தால் மூன்று இலட்சம். அதோடு அனுப்பும் செலவு, சுங்கம், கொழும்பில் தெரிந்தவரின் கூலி எல்லாம் சேர்த்து ஆறு முதல் எட்டு இலட்சம் ஒதுக்குங்கள். அமெரிக்காவில் இதே வேலைக்கு 2,500 முதல் 4,000 டொலர் வரை வாங்குவார்கள், அதைப் பார்த்தால் இது மோசமில்லை. செய்யாமல் விட்டு எஞ்சின் போனால், கழற்றி எடுத்த பழைய எஞ்சின் ஒன்றே பத்தாயிரம் டொலரைத் தாண்டும். முப்பது இலட்சம். அந்தப் பழைய எஞ்சினின் பெயரிங் எந்த நிலையில் இருக்கும் என்பது அடுத்த கேள்வி.

பில் இல்லாத காரில் பெயரிங்கின் நிலையை ஓரளவு அறிய ஒரு வழி இருக்கிறது. ஒயில் ஃபில்டரை எடுத்து, காகித மடிப்பை வெட்டி விரித்து வெயிலில் பாருங்கள். மினுமினுப்பு இருந்தால் காந்தத்தை வையுங்கள். பெயரிங் உலோகம் காந்தத்தில் ஒட்டாது. ஒட்டாத மினுக்கம் இருந்தால் அந்த இடத்திலேயே வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். ஒயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பி ஈயம், செம்பு அளவு பார்ப்பது இன்னும் நல்லது. ஆனால் நேற்று ஒயில் மாற்றிய காரில் இரண்டு சோதனையும் ஒன்றும் காட்டாது. விற்பதற்கு முதல் நாள் ஒயில் மாற்றியிருந்தால் அதை நல்ல செய்தி என்று எடுக்காதீர்கள்.

பானைக் கழற்றுகிற அதே வேலையில் வேனோஸ் பக்கத்தையும் பார்த்துவிடவேண்டும். வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றுகிற அமைப்பு அது. இந்த எஞ்சினில் அதற்கென்று தனி உயரழுத்தப் பம்ப் இருக்கிறது. அதில் இருந்து போகும் குழாய் கசியும், சிலவேளை வெடிக்கும். குழாய் இருநூறு முன்னூறு டொலர்தான். பான் கீழே இருக்கும்போது மாற்றினால் கூலி மிச்சம். பம்பே போயிருந்தால் திருத்தி எடுத்தது ஆயிரம் டொலர் பக்கம்.

திரொட்டில் அக்சுவேட்டர் இரண்டாவது. பத்துத் திரொட்டிலையும் திறந்து மூட இரண்டு மின்மோட்டார்ப் பெட்டிகள், பக்கத்துக்கு ஐந்து சிலிண்டருக்கு ஒன்று. அவை இருக்கும் இடம் எஞ்சினின் இரண்டு கைகளுக்கும் நடுப்பள்ளம், சூடு முழுக்க அங்கேதான். உள்ளே இருக்கும் பல்சக்கரம் தேய்ந்துபோகும். ஒருநாள் ஓட்டிக்கொண்டு போகும்போது மஞ்சள் விளக்கு எரிந்து, 'எஞ்சின் கோளாறு, வலு குறைக்கப்பட்டது' என்று திரையில் வரும். கார் மாட்டு வண்டி வேகத்துக்கு இறங்கிவிடும். நிறுத்தி மறுபடி ஸ்டார்ட் பண்ணினால் சரியாகிவிடும். அதுதான் ஏமாற்று. விற்பவரும் அப்படித்தான் சமாளித்துக்கொண்டிருப்பார். இரண்டையும் சேர்த்துப் புதுப்பித்து எடுத்தால் சாமானும் கூலியுமாக இரண்டரை இலட்சத்துக்குள் அடக்கலாம், புதிதாகவே போட்டால் ஆறு இலட்சத்தைத் தாண்டும். நான் புதுப்பித்ததையே போடுவேன். ஒன்று போனால் மற்றதும் போகப்போகிறது என்று அர்த்தம், ஒன்றை மட்டும் மாற்றிக் காசு மிச்சம் பிடிக்கவேண்டாம்.

ஓட்டிப் பார்க்கும்போது ஒரு விசயம். இந்தக் கார் ஸ்டார்ட் பண்ணியதும் 400 குதிரைவலுவில்தான் நிற்கும். கியருக்குப் பக்கத்தில் இருக்கும் பவர் பொத்தானை அழுத்தினால்தான் 500 வரும். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு அதை அழுத்தி, ஆளில்லாத நேர்ப் பாதையில் ஒருதடவை முழுதாக மிதித்துப் பாருங்கள். ஒயில் எவ்வளவு சூடு என்று டக்கோமீற்றருக்குக் கீழே முள் காட்டும். குளிராக இருக்கும்போது சிவப்பு எல்லை கீழே இறங்கி நின்று, சூடேற ஏற மேலே போகும். விற்பவர் காரை ஸ்டார்ட் பண்ணிய கையோடு உறுமவைத்துக் காட்டுகிறவராக இருந்தால், அந்த எஞ்சின் இத்தனை வருடம் எப்படி வாழ்ந்திருக்கும் என்று நீங்களே முடிவு பண்ணலாம்.

மூன்றாவது எஸ்எம்ஜி. எல்லோரும் ஒட்டோ கியர் என்று நினைத்து எடுக்கிறார்கள். ஒட்டோ இல்லை. சாதாரண மனுவல் கியர்பொக்ஸ், சாதாரண ஒற்றைக் கிளச். உங்கள் கையும் காலும் செய்யவேண்டியதை ஒரு ஹைட்ரோலிக் பம்ப் செய்கிறது, அவ்வளவுதான். ஏழு கியர். உண்மையான மனுவல் கியரோடு இந்தக் காரை வட அமெரிக்காவுக்கு மட்டும்தான் கொடுத்தார்கள், ஆகவே வலக்கை ஸ்டியரிங்கில் எஸ்எம்ஜி தவிர வேறு வழியில்லை.

கிளச் மனுவல் கிளச் என்பதால், ஊர்ந்து ஓடினால் எரியும். இப்போது நம்ம பாதையை நினைத்துப் பாருங்கள். கல்முனையில் இருந்து மட்டக்களப்புக்கு வரும்போது பின்னேரம் காத்தான்குடிப் பிரதான வீதியில் ஈச்சமரங்களுக்கு அடியில் ஓட்டோவும் சைக்கிளும் ஆட்களுமாக ஊர்ந்துதான் வரவேண்டும். கல்முனை சந்தைப் பக்கமும் அப்படித்தான். ஒட்டோ கார் என்று நினைத்து அக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் நகர்த்திக்கொண்டு வந்தால் ஒவ்வொரு அங்குலத்துக்கும் கிளச் வழுக்கிக்கொண்டே இருக்கும். இடைவெளி விட்டு நின்று, கிடைத்ததும் ஒரே எடுப்பில் போய், திரும்ப நிற்கவேண்டும். ஏற்றத்தில் அக்சிலரேட்டரால் காரைப் பிடித்து வைக்கக்கூடாது. பழகிய ஆளிடம் ஒரு கிளச் 80,000 கிலோமீற்றர் போகும், பழகாத ஆளிடம் அதில் பாதிகூடப் போகாது. கிளச், ஃப்ளைவீல், ரிலீஸ் பெயரிங் மூன்றும் சேர்த்து மாற்ற ஐந்து ஆறு இலட்சத்துக்குச் சாமான், கூலி தனி.

பம்பைச் சோதிப்பது சுலபம். கார் ஒருமணி நேரம் சும்மா நின்றபிறகு சாரதிப் பக்கக் கதவைத் திறந்து காதைக் கொடுங்கள். 'ர்ர்ர்' என்று சில விநாடி ஓடி நிற்கவேண்டும். அழுத்தத்தை ஏற்றி வைத்துக்கொள்கிற சத்தம் அது. நிற்காமல் நீண்டு ஓடினாலோ, ஓட்டும்போது அடிக்கடி ஓடினாலோ அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் எக்கியுமுலேட்டர் தளர்ந்திருக்கிறது, அல்லது எங்கேயோ கசிகிறது. அப்படியே விட்டால் மோட்டார் எரியும். மோட்டாரை மட்டும் மாற்றினால் தப்பலாம், முழு ஹைட்ரோலிக் தொகுதியும் என்றால் எட்டுப் பத்து இலட்சம். பம்ப் நின்றால் கியர் விழாது, கார் நின்ற இடத்திலேயே நிற்கும். வெலிக்கந்தைக்கும் புணானைக்கும் நடுவில் இரவு பத்து மணிக்கு நிற்கிற ஒரு காட்சியை மனதில் ஓட்டிப் பாருங்கள். கட்டி இழுக்கவும் முடியாது, தட்டையான கரியர்தான் வரவேண்டும்.

இந்த மூன்றுக்கும் வெளியே வருகிறவற்றை ஓட்டமாகச் சொல்கிறேன். ஒயில் ஒன்பது லீற்றருக்கு மேல் பிடிக்கும், நான் என்றால் 8,000 கிலோமீற்றருக்கு ஒருதடவை மாற்றுவேன், ஒவ்வொரு முறையும் ஐம்பதாயிரம் பக்கம். டிப்ஸ்டிக் கிடையாது, அளவைத் திரையில்தான் பார்க்கவேண்டும். இந்த எஞ்சின் ஒயில் குடிக்கும், ஒரு லீற்றர் எப்போதும் டிக்கியில் இருக்கட்டும். பிளக் பத்து, கொயில் பத்து. டயர் முன்னுக்கு 255/40, பின்னுக்கு 285/35, எல்லாம் 19 அங்குலம், நாலும் மூன்று மூன்றரை இலட்சம். பின் டயர் இரண்டும் நீங்கள் எப்படி மிதிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்து. ஈடிசி என்ற, மின்னால் இறுக்கம் மாறும் ஷொக் அப்சோர்பர் ஒன்றே இரண்டு இலட்சத்தைத் தாண்டும், ஆகவே கசிகிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். டேஷ்போர்டின் நடுவில் இருக்கும் பழைய ஐடிரைவ் திரை தானாக அணைந்து எரிந்தால் அது செத்துக்கொண்டிருக்கிறது. பெட்டரி டிக்கிக்குள் இருக்கிறது, பெரிய ஏஜிஎம் வகை, மாற்றினால் கொம்பியூட்டருக்கும் சொல்லவேண்டும். வேன் பெட்டரி வைத்துக் கட்டிய ஈ60 ஒன்று என்னிடம் வந்தது, திரையில் இல்லாத பிழை இல்லை.

பெற்றோல். 98 ஒக்டேனுக்குச் செய்த எஞ்சின், குறைந்தது 95 வேண்டும். 92 அடித்து ஓட்டிய கார் என்று தெரிந்தால் விட்டுவிடுங்கள். நம்ம பக்கம் எல்லா ஷெட்டிலும் 95 இருக்காது, இருக்கிற ஷெட்டைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் புறப்படவேண்டும். தாங்கி 70 லீற்றர். டவுனில் லீற்றருக்கு நாலு ஐந்து கிலோமீற்றர், நீண்ட பாதையில் எட்டு வந்தால் சந்தோசம். லீற்றர் 340 ரூபாய் என்று வைத்தால் ஒரு முழுத் தாங்கி 23,800 ரூபாய். அதில் கொழும்புக்குப் போகலாம், திரும்பி வரமுடியாது.

இனி நம்ம மண்ணுக்கு வருகிறேன். புத்தகத்தில் இல்லாத பகுதி இதுதான்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் பின்னேரம் மூன்று மணிக்கு இங்கே கார் நிறுத்தினால் பொனட்டில் கை வைக்கமுடியாது. ரேடியேட்டர், எக்ஸ்பான்சன் தாங்கி, குழாய் மூட்டுகள் எல்லாம் பிளாஸ்டிக், பதினைந்து வருடத்துக்கு மேற்பட்ட பிளாஸ்டிக். ஐரோப்பாவில் இன்னும் ஐந்து வருடம் தாங்குவது இங்கே தாங்காது. ஆனால் வெக்கை இருக்கிறது என்பதற்காக எஞ்சின் சீக்கிரம் சூடாகிவிடும் என்று நினைக்கவேண்டாம். வெளியே 33 பாகை என்றாலும் ஒயிலுக்கு வேண்டியது 90-ஐத் தாண்டிய சூடு. தண்ணீர் சில நிமிடத்தில் சூடேறும், ஒயிலுக்குக் கால் மணி நேரமாவது வேண்டும். பாண்டிருப்பில் இருந்து கல்முனைக்கு வந்து சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிற ஓட்டம்தான் உங்களுக்குத் தினமும் என்றால், அந்த எஞ்சின் வாழ்நாள் முழுவதும் குளிர் ஒயிலில்தான் ஓடும். பெயரிங்குக்கு அதைவிடக் கெட்டது கிடையாது. இந்தக் காரை எடுப்பவர்களுக்கு நான் சொல்வது: தினசரி ஓட்டத்துக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வைத்துக்கொள்ளுங்கள், இதை எடுத்தால் நாற்பது ஐம்பது கிலோமீற்றராவது ஓடுங்கள்.

அப்புறம் மாடு. ஈ60 காரின் முன்பகுதி, அதாவது பொனட்டுக்கு அடியில் இருக்கும் எலும்புக்கூடு, அலுமினியம். பின்னால் இருக்கும் இரும்பு உடலோடு அதைப் பசையும் ரிவெட்டும் வைத்துத்தான் இணைத்திருக்கிறார்கள். இரும்பு மாதிரி சூடுகாட்டித் தட்டி, வெல்டிங் அடித்து, பட்டி பூசி முடிக்கமுடியாது. அதற்கென்று தனி ஆளும் தனிக் கருவியும் வேண்டும். நம்ம பாதையில் இரவில் தார் சூட்டுக்கு மாடுகள் வந்து படுத்திருக்கும், அறுவடை நேரம் அம்பாறைப் பக்கம் பாதி வீதியில் நெல் காயும். அக்வாவில் இடித்தால் பம்பரும் ரேடியேட்டரும். இதில் இடித்தால் இன்சூரன்ஸ்காரர் காரை முழுச் சேதம் என்று எழுதிவிட இடமுண்டு. வாங்கும்போதும் இதே பக்கத்தைக் கவனியுங்கள். ஷொக்கின் தலை பூட்டும் இடத்தைச் சுற்றி ரிவெட்டுகள் ஒரே சீராக இருக்கின்றனவா, மேலே புதுச் சீலர் பூசியிருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பார்க்கவேண்டும்.

மாரி காலத்தில் இந்தக் காரை வெளியே எடுக்காதீர்கள் என்றே சொல்வேன். காற்று இழுக்கும் வாய்கள் முன்னால் தாழ்வாக இருக்கின்றன. முழங்கால் தண்ணீரில் விட்டு எஞ்சின் தண்ணீரைக் குடித்தால் ரொட் வளையும், பெயரிங்குக்குச் செலவழித்த காசும் அதோடு போகும். டிக்கியின் தரை விரிப்பைத் தூக்கிக் கையை விட்டுத் தடவுங்கள். ஈரமோ உப்புப் பூத்த அடையாளமோ இருந்தால் அங்கே இருக்கும் கொம்பியூட்டர்ப் பெட்டிகள் நனைந்திருக்கின்றன. கடற்கரை வீடு என்றால் உப்புக்காற்று கனெக்டர்களைப் பச்சை பிடிக்க வைக்கும், மூடிய கராஜ் இல்லாமல் யோசிக்கவே வேண்டாம்.

இங்கே பெரிய சிக்கல் சாமான் விலை இல்லை. சாமான் வந்துவிடும். பெயரிங் செட் ஒன்று லண்டனில் இருந்தோ சுவிஸில் இருந்தோ வரும் மாமாவின் சூட்கேசுக்குள் சட்டைகளுக்கு நடுவில் வந்து சேரும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் சாதாரண 5 சீரீஸ் சாமான் கிடைக்கும், கதவு, லைட், கண்ணாடி எல்லாம் பொருந்தும். எம்5-க்கு மட்டுமே உரிய எஞ்சின், கியர், பிரேக் சாமானை அங்கே தேடி நேரத்தை வீணாக்கவேண்டாம். கை இல்லை என்பதுதான் சிக்கல். எஸ்எம்ஜி-யில் கிளச் மாற்றினாலும், ஹைட்ரோலிக் குழாயில் நிற்கும் காற்றை வெளியே எடுத்தாலும் பிஎம்டபிள்யூ-வின் சொந்த மென்பொருள் இருந்தால்தான் கியரைத் திரும்பப் பழக்கமுடியும். சந்தையில் விற்கும் பொது ஸ்கேனர் இதில் பாதியைக்கூட வாசிக்காது. ஆகவே ஒவ்வொரு பெரிய வேலைக்கும் முன்னூறு கிலோமீற்றருக்கு மேல் கரியரில் கொழும்புக்கு, அங்கே வரிசையில், சாமான் வரும்வரை மாதக்கணக்கில். காசை விட இந்தக் காத்திருப்புத்தான் ஆட்களை வெறுக்க வைக்கிறது. இப்படி நின்றுபோன கார்கள்தான் பிறகு 'அவசர விற்பனை' என்று வருகின்றன.

கணக்கைப் போடுவோம். ஒன்றுமே செய்யாத கார் என்றால்: பெயரிங் ஏழு இலட்சம், அக்சுவேட்டர் இரண்டரை, கிளச்சும் கூலியும் ஏழரை, டயர் மூன்றரை, பிளக், ஒயில், சில்லறை என்று ஒன்றரை. 22 இலட்சம். எஸ்எம்ஜி பம்ப், ஷொக், இன்சூரன்ஸ் இதில் சேரவில்லை. மூன்று வேலையும் பில்லோடு செய்த காரை விற்பவர் பதினைந்து இலட்சம் கூடுதலாகக் கேட்டாலும் அதுதான் மலிவு. வருடாந்தப் பராமரிப்புக்கு, ஒன்றும் உடையாத வருடத்திலும், ஐந்தாறு இலட்சம் தனியாகக் கிடக்கவேண்டும். லீசிங் போட்டு எடுக்க நினைத்தால் நான் சொல்லக்கூடிய ஒரே பதில், வேண்டாம். மாதத் தவணையும் கட்டி, கொழும்பில் நிற்கும் காருக்குச் சாமானும் வாங்குவது நடக்காத காரியம்.

பேப்பர் பக்கமும் பாருங்கள். கைமாறிக் கைமாறி, பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் நிற்கும் காராக இருந்தால் சி.ஆர். புத்தகத்தில் உள்ளவரை நேரில் காணாமல் முற்பணம் கொடுக்காதீர்கள். மீற்றர் திருப்பியிருக்கிறார்களா என்பதை இந்தக் காரில் கண்டுபிடிக்க வழி உண்டு. ஓடிய தூரம் மீற்றரில் மட்டும் இல்லாமல் வேறு பெட்டிகளிலும் பதிவாகும். சரியான மென்பொருளில் வாசித்தால் எண்கள் ஒத்துப்போகவேண்டும். 2,000 கிலோமீற்றரில் முதல் எஞ்சின் ஒயிலும் பின் அச்சில் இருக்கும் டிஃபரன்ஷியல் ஒயிலும் மாற்றிய ஆரம்ப சர்வீஸ் பதிவு இருந்தால் முதல் உரிமையாளர் விசயம் தெரிந்தவர் என்று நம்பலாம்.

வேறு என்ன எடுக்கலாம் என்றும் கேட்பீர்கள். அதே காலத்து மெர்சிடிஸ் ஈ63 ஏஎம்ஜி-யில் 6.2 லீற்றர் எஞ்சின், அதில் ஹெட் போல்ட் அரித்து உடைகிற வியாதி இருக்கிறது, கேம் லிஃப்டரும் தேயும். அதற்கு முந்திய ஈ55-இன் எஞ்சின் இரண்டையும் விடப் பலமானது, ஆனால் அதன் மின் பிரேக் அமைப்புப் போனால் அது ஒரு தனி அத்தியாயம். லெக்சஸ் ஐஎஸ் எஃப் கண்ணில் பட்டால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள், ஐந்து லீற்றர் வி8, இந்தக் கூட்டத்தில் தொந்தரவு குறைந்தது அதுதான். இங்கே கிடைப்பதுதான் அபூர்வம். என் விருப்பம் கேட்டால் அதே ஈ60 உடலில் ஆறு சிலிண்டர் 525ஐ அல்லது 530ஐ. அதே இருக்கை, அதே ஸ்டியரிங் உணர்வு, ஒயில் கசிவும் மின் தண்ணீர்ப் பம்பும்தான் வழக்கமான வியாதி. இரண்டும் கல்லடியிலேயே பார்க்கக்கூடியவை.

இருந்தாலும் எம்5 தான் என்று மனம் நிற்கிறது என்றால், இந்தக் கிழமை விற்பவருக்கு ஒரு அழைப்பு எடுங்கள். பெயரிங், அக்சுவேட்டர், கிளச் மூன்றுக்கும் பில்லைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லுங்கள், செசி நம்பரையும் சேர்த்து. உங்கள் செலவில் கொழும்பில் ஒரு பிஎம்டபிள்யூ ஆளிடம் காட்டச் சம்மதமா என்றும் கேளுங்கள். முப்பது நாற்பதாயிரம் அதற்குப் போனாலும் பரவாயில்லை. சம்மதம் என்றால் பரிசோதனை முடிவை எனக்கு அனுப்புங்கள், எண்களைப் பார்த்துச் சொல்கிறேன். "வேறு பார்ட்டி இருக்கு, நாளைக்கே எடுக்கணும்" என்றால், அந்தப் பார்ட்டியே எடுக்கட்டும்.